கீழக்குயில்குடியில ஒரு விஷ நடை: பிள்ளைகளுக்கு பழங்கால நஞ்சுக்கதை சொல்றது எப்படி

லீவு விட்டா போதும், பிள்ளைக போனை தூக்கிட்டு உக்காந்துருதுக, அதுல எவனாவது விஷகன்னி, கிளியோபாட்ரா பாம்புன்னு வீடியோ போட்டுருப்பான், அதை பாத்துட்டு வந்து "மாமா நெசமாவே அப்பிடியெல்லாம் இருந்துச்சா"ன்னு நம்ம உசுர எடுக்கும். வீட்ல உக்காந்து ரெண்டு தடவ வாயால சொல்லிப் பாத்தேன், எடுபடல. மூணாவது தடவ அக்கா மகனையும் அவன் கூட்டாளிக நாலு பேரையும் ஞாயித்துக்கிழமை விடியக்காலைல மதுரைக்கு மேக்க இருக்குற கீழக்குயில்குடி சமணர் மலைக்கு கூட்டிட்டு போயிட்டேன். ராசா காலத்து விஷம்னு புத்தகத்துல படிக்கிற சாமான்ல பாதி அந்த ரோட்டோரத்துலயே மொளச்சு நிக்கிது. செடிய காட்டி கதைய சொன்னா கதையும் நிக்கிது, செடி மொகமும் மனசுல நிக்கிது. இப்ப நாலஞ்சு தடவ போயாச்சு, சொந்தக்காரங்க எப்பிடி பண்றதுன்னு கேக்குறாங்க, அதான் இத எழுதுறேன்.

கெளம்புறதுக்கு முந்தி

ஐப்பசி கார்த்திகைல போங்க. மழை பேஞ்சு செடியெல்லாம் பூத்திருக்கும். சித்திரைல போனா பாறை சுடும், பாக்க எருக்கு மட்டும்தான் இருக்கும். காலைல ஆறரைக்கு அடிவாரத்துல இருக்கணும், ஒன்பது மணிக்கு மேல வெயில் தாங்காது. அஞ்சு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆளு வேணும், நாலு வயசு அஞ்சு வயசு வாண்டுகள கூட்டிட்டு போகாதீங்க, அதுக கைக்கும் வாய்க்கும் தூரமே கிடையாது.

பைல சோப்பு, ரெண்டு கேன் தண்ணி, ஒரு கட்டு கொத்தமல்லி. கொத்தமல்லி எதுக்குன்னு பின்னாடி சொல்றேன். சோறு, மிச்சர், பிஸ்கட் எதையும் நடக்கும்போது தின்ன விடாதீங்க, எல்லாம் கடைசில கை கழுவுன பெறகுதான்.

அப்பறம் வண்டிய விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே ஒரு சட்டம் போட்ருங்க. பாக்கலாம், போட்டோ எடுக்கலாம், தொடக்கூடாது, பறிக்கக்கூடாது, மோந்து பாக்கக்கூடாது. குச்சிய ஒடிச்சு கைல வச்சுக்கிட்டு நடக்குற பழக்கம் நம்ம பயலுகளுக்கு உண்டு, அதையும் நிப்பாட்டணும்.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். "எவ்ளோ தின்னா சாவோம்"னு ஒரு பய கண்டிப்பா கேப்பான். அளவு சொல்லாதீங்க, எப்பிடி எடுக்குறதுன்னும் சொல்லாதீங்க, "கொஞ்சமா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்டா"ன்னு முடிச்சிருங்க. அதே கேள்விய கொஞ்சம் பெரிய பிள்ளை தனியா பக்கத்துல வந்து கேட்டுச்சுன்னா கதைய ஓரமா வச்சிட்டு அதுகூட உக்காந்து பேசுங்க, மனசுல என்னமோ இருக்கும். 104க்கு அடிச்சா அரசாங்கத்துலயே பேசி ஆறுதல் சொல்ல ஆள் இருக்காங்க.

மொத நிப்பு: எருக்கும் ஊமத்தையும்

மதுரைல இருந்து மேக்க நாகமலை புதுக்கோட்டை பக்கமா போயி கீழக்குயில்குடிக்குள்ள திரும்புனா அடிவாரத்துல அய்யனார் கோவில், ஆலமரம், தாமரைக்குளம். அங்க வண்டிய போட்டுட்டு மலைக்குள்ள ஓடிராதீங்க, சுத்தி இருக்குற தரிசுலயே பாதி வேலை முடிஞ்சிரும்.

எருக்க காட்டி பாலு கண்ணுல படக்கூடாதுன்னு சொல்லுங்க. கூடவே ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி கபிலர் புறநானூத்துல, நல்லதுமில்ல கெட்டதுமில்லன்னு ஒதுக்குற எருக்கம்பூவ குடுத்தாலும் தெய்வம் வேணாம்னு சொல்லாதுன்னு பாடியிருக்காருன்னும் சொல்லுங்க. பிள்ளையாருக்கு எருக்கமாலை போடுறத பாத்திருப்பாய்ங்க, டக்குனு புடிச்சுக்குவாய்ங்க.

பக்கத்துலயே ஊமத்தை இருக்கும், முள்ளுக்காயோட, நெட்டக்குழல் மாதிரி பூவோட. சிவன் தலைல வைக்கிற பூ. இங்க ரோம் கதை ஒன்ன எடுத்து விடுங்க, இத சொன்னா எந்தப் பயலும் வாயத் தொறந்துட்டு கேப்பான். கி.மு. 36ல ரோம் தளபதி மார்க் ஆண்டனி, இப்ப ஈரான் இருக்குற பக்கத்து பார்த்தியாக்காரங்க மேல படையெடுத்து போயி தோத்து திரும்பி வாராரு. படைக்கு தின்ன ஒண்ணுமில்ல. கண்ட கீரைய கிழங்க புடுங்கி தின்றாய்ங்க. அதுல ஒரு செடிய தின்னவனுக்கெல்லாம் புத்தி பேதலிச்சுப் போச்சு, வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல, தரைல கெடக்குற கல்ல பெரட்டிப் போடுறதே பெரிய வேலைன்னு கூட்டமா குனிஞ்சு கல்ல பெரட்டிக்கிட்டு இருந்தாய்ங்களாம், அப்பறம் பித்தமா வாந்தி எடுத்து செத்தாய்ங்களாம். இத எழுதி வச்சவரு புளூட்டார்க்னு ஒரு கிரேக்க எழுத்தாளர். அது என்ன செடின்னு அவரு சொல்லல, ஊமத்தை ஜாதியா இருக்கலாம்னு பின்னாடி வந்தவங்க ஊகிக்கிறாங்க, அத ஊகம்னுதான் பிள்ளைககிட்டயும் சொல்லணும். ஆனா ஊமத்தை தின்னா கண்ணுமணி விரியும், வாய் காயும், ஆளு சம்பந்தமில்லாம பெனாத்தும், அது நம்ம டாக்டருங்க இன்னைக்கும் பாக்குறது.

வேலிப்பக்கம்

வேலில குன்றிமணி கொடி தேடுங்க. காய் வெடிச்சு செவப்பும் கருப்புமா மணி தெரியும், பிள்ளைகளுக்கு கை பரபரன்னு இருக்கும், இங்கதான் ரொம்ப கவனம். விநாயகர் சதுர்த்திக்கு களிமண் பிள்ளையாருக்கு கண்ணு வைக்கிறது இதானேன்னு அதுகளே சொல்லும். தட்டாருங்க தங்கம் நிறுத்ததும் இந்த மணியாலதான், ஒண்ணுக்கொண்ணு எடை அம்புட்டு ஒத்துப்போகும். அதுக்குள்ள இருக்குற விஷத்துக்கு பேரு அப்ரின். தோடு கெட்டியா இருக்குறதால முழுசா முழுங்குனது சில நேரம் அப்பிடியே வெளிய வந்துரும், கடிச்சு ஒடச்சு முழுங்குனா ஆபத்து. இத சொல்லும்போதே "முழுசா முழுங்கலாம்னு அர்த்தம் இல்லடா"ன்னு சேத்து சொல்லிருங்க, பயலுக வக்கீல் மாதிரி பாயிண்ட் புடிப்பாய்ங்க.

ஆமணக்கு, காட்டாமணக்கு ரெண்டையும் காட்டிட்டு சீக்கிரம் நகருங்க. காட்டாமணக்குல மட்டும் என் சொந்தக்கதை ஒண்ணு சொல்லுவேன். நாலாவது படிக்கிறப்ப நாங்க ஆறு பேரு ருசியா இருக்குன்னு கொட்டைய ஒடச்சு தின்னுட்டோம், மத்தியானம் வரிசையா வாந்தி, பேதி. ஒரு பெரியம்மா நல்ல மனசோட சாணித்தண்ணிய கரைச்சு குடிக்க வச்சுச்சு, அது வேற தனி வாந்தி. பொழச்சது எங்க நேரம்.

அரளி, குயில், ராசாவோட சாப்பாடு

இந்த நிப்புல நல்லா நின்னு பேசுங்க, எனக்கு புடிச்ச எடமே இதுதான்.

கோவில்ல மாலைக்கு வச்சிருக்குற செவப்பரளி, வெள்ளரளி பழைய ஆளு, இந்தப் பக்கத்து சொந்தக்காரன். மஞ்சள் அரளி, மணி மாதிரி தொங்குமே, அது மெக்சிகோ, நடு அமெரிக்கா பக்கத்துச் செடி. 1492ல கொலம்பஸ் போனதுக்கு அப்பறம்தான் அது இங்கிட்டு வந்திருக்க முடியும், மிளகா தக்காளி மாதிரி. அப்ப யாராவது "பாண்டிய ராணி மஞ்சள் அரளிக் கொட்டைய அரைச்சு"ன்னு கதைய ஆரம்பிச்சா அங்கயே மடக்கிரலாம். பழங்கால விஷக்கதை எதக் கேட்டாலும் மொத கேள்வி, அந்தச் செடி அந்தக் காலத்துல அந்த ஊர்ல இருந்துச்சா? இந்த ஒரு கேள்விலயே பாதிக் கதை படுத்துரும்.

அரளிக் குச்சில கறிய குத்தி சுட்டு தின்னு பட்டாளமே செத்துச்சுன்னு ஒரு கதை சுத்துது. அத அலெக்சாண்டர் படைன்னும் சொல்றாய்ங்க, நெப்போலியன் படைன்னும் சொல்றாய்ங்க, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டாயிரம் வருஷம் இருக்கு. ஆளையும் காலத்தையும் மாத்தி மாத்தி ஒரே கதை வந்தா அது ஊர் சுத்துற கதைன்னு தெரிஞ்சுக்கலாம். அதுக்காக அரளிக்குச்சிய அடுப்புல வைக்கலாம்னு இல்ல, எரிச்சா பொகையும் ஆகாது.

இப்ப சாணக்கியர் எழுதுனதா சொல்ற, அரசாட்சி பத்துன அர்த்தசாஸ்திரத்துக்கு வாங்க. சுவடியா கெடந்தது 1905ல மைசூர்ல வெளிச்சத்துக்கு வந்து 1909ல அச்சாச்சு. ராசாவுக்கு விஷம் வைக்காம எப்பிடி காக்குறதுன்னு அதுல ஒரு பகுதியே இருக்கு. சாப்பாட்ட மொத நெருப்புல போடணும், பொகை நெறம் மாறுதான்னு பாக்கணும், பறவைக்கு போட்டுப் பாக்கணும், சமைச்சவனே மொத ருசி பாக்கணும். அரண்மனைல பறவையும் வளக்கணுமாம். விஷம் பக்கத்துல இருந்தா கிளியும் மைனாவும் கத்தும், சகோரம்னு ஒரு கவுதாரி ஜாதிப் பறவைக்கு கண்ணு நெறம் மாறும், குயில் செத்துரும்னு எழுதியிருக்கு. எங்க அம்மாச்சி காக்காய்க்கு சோறு வைக்காம சாப்பிடாது, "என்ன அம்மாச்சி, மகாராணி டெஸ்ட் பண்றியா"ன்னு நான் கிண்டல் பண்ணா கரண்டிய தூக்கும்.

ஆனா வேடிக்கை எங்க இருக்குன்னா, நம்ம குயிலு மஞ்சள் அரளிப் பழத்த தின்னுட்டு ஜம்முன்னு கூவிக்கிட்டு இருக்கும். மனுசன், மாடு, நாய் தின்னா நெஞ்சுத்துடிப்பே கொழம்பிப்போகும், அது பாட்டுக்கு ஒண்ணும் ஆகாம அடுத்த மரத்துக்கு போயிரும். நிக்கிற ஊரு பேரே குயில்குடி, அங்க நின்னு இத சொல்றப்ப ஒரு குயிலும் கூவிருச்சுன்னா உங்க நேரம். அதனால பிள்ளைக மனசுல பதிய வேண்டியது, பறவை தின்ன பழம் நமக்கும் ஆகும்னு எந்தக் காலத்துலயும் நம்பக்கூடாது. அம்புட்டு பெரிய சாணக்கியரு புத்தகமே குயில் விஷயத்துல இடிக்குது.

காந்தள் கெடச்சா

எல்லா தடவையும் கெடைக்காது. மழைக்கப்பறம் பொதர்ல சுருண்டு ஏறி நெருப்பு மாதிரி பூத்துருக்கும், கீழ மஞ்ச மேல செவப்பு, எல நுனி கம்பிச்சுருள் மாதிரி வளஞ்சு பக்கத்து செடிய புடிச்சிக்கிடும். தமிழ்நாட்டு மாநில மலர் இதான்னு ஸ்கூல்ல படிச்சிருக்கும், ஆனா நேர்ல பாத்த பிள்ளை நூத்துக்கு ஒண்ணு. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் தொண்ணூத்தொம்பது பூவ அடுக்குறாருல்ல, அதுல மொத பூ ஒண்செங்காந்தள்தான். அதே செடியோட கிழங்குல, விதைல கொடிய விஷம் இருக்கு, கோல்ச்சிசின்னு பேரு, அத அளந்து பிரிச்சுதான் மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையாவும் பண்றாங்க. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விவசாயிக கண்வலிக்கிழங்குன்னு பந்தல் போட்டு விதைக்காக வெள்ளாமையே பண்றாங்க. கிழங்கு ரெண்டா பிரிஞ்சு கலப்பை மாதிரி இருக்குறதால கலப்பைக்கிழங்குன்னும் பேரு. சக்கரவள்ளின்னு நெனச்சு யாரும் வாய்ல வச்சிரக்கூடாது, அதுக்குத்தான் கொடிய நல்லா காட்டணும்.

காந்தள் இல்லாட்டி எட்டி மரத்த பத்தி வாயாலயே சொல்லுங்க, அழகர்மலை பக்கம் போறப்ப காட்டிக்கலாம். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன"ன்னு பழமொழி எல்லாருக்கும் தெரியும். 1818ல பிரெஞ்சுக்காரங்க ரெண்டு பேரு இந்த ஜாதிக் கொட்டைல இருந்துதான் ஸ்ட்ரிக்னைன பிரிச்சாங்க. கலங்கல் தண்ணிய தெளிய வைக்கிற தேத்தாங்கொட்டை இருக்குல்ல, அது எட்டிக்கு கூடப்பொறந்தது மாதிரி, ஒரே பேரினம். ஒண்ணு கெணத்துத்தண்ணிய தெளிய வைக்கிது, இன்னொண்ணு ஆள முறுக்கிப் போடுது.

கொத்தமல்லிய எடுங்க

படி ஏறுறதுக்கு முன்னாடி நெழல்ல உக்கார வச்சு கொத்தமல்லிக்கட்ட கைல குடுங்க, இத மட்டும் தொடலாம் மோந்து பாக்கலாம். சாக்ரடீஸ் குடிச்ச விஷம் ஹெம்லாக். அது மதுரைல கெடையாது, ஆனா கொத்தமல்லி, சீரகம், சோம்பு, கேரட் குடும்பத்துச் செடிதான். இந்தக் குடும்பத்துல எல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குறதால வெளிநாட்டுல காட்டுக்கீரைன்னு நெனச்சு பறிச்சு தின்னு செத்தவங்க இன்னைக்கும் உண்டு. கி.மு. 399ல ஏதென்ஸ்ல கோர்ட்டு தீர்ப்பு, கிண்ணத்த வாங்கி குடிச்சாரு, கால்ல இருந்து மரத்துப்போயி மேல ஏறுச்சு. இத எழுதுன பிளேட்டோ அன்னைக்கு அங்க இல்ல, ஒடம்பு சரியில்லன்னு அவரு புத்தகத்துலயே இருக்கு. இந்த விவரத்த சொல்லிட்டு, "அப்ப அவருக்கு எப்பிடிடா தெரியும்"னு ஒரு கேள்விய போட்டு விடுங்க, பத்து நிமிஷம் அடிச்சுக்குவாய்ங்க.

கிளியோபாட்ரா கதையும் அதே மாதிரிதான். கி.மு. 30ல செத்தாங்க, அது சரி. பாம்பு கடிச்சுதான்னு உறுதியா சொல்ல ஆளில்ல, புளூட்டார்க்கே உண்மை யாருக்கும் தெரியாதுன்னு எழுதி வச்சிட்டாரு. வீடியோ போடுறவனுக்கு மட்டும் கூடைல இருந்து பாம்பு வந்த நிமிஷம் வரைக்கும் தெரியுது.

மழை சீசன்ல புத்துமேட்டுல காளான் கண்டா ரோமாபுரி சக்கரவர்த்தி கிளாடியஸ் கதை. கி.பி. 54ல பொண்டாட்டி அக்ரிப்பினா காளான்ல விஷம் வச்சுட்டாங்கன்னு பழைய ஆசிரியருங்க எழுதுறாங்க. கூடவே வெள்ளிக்கரண்டி கறுக்கும், மஞ்சத்தூள் நெறம் மாறும், பூச்சி தின்னிருந்தா நல்ல காளான், இந்த வீட்டு டெஸ்ட்டு எதுவுமே செல்லாதுன்னு அழுத்தி சொல்லணும்.

மேல ஏறி

செட்டிப்புடவுங்கிற குகைல பெரிய தீர்த்தங்கரர் (சமண குரு) சிலைக்கு முன்னாடி உக்காந்து விஷகன்னி கேள்விக்கு பதில் சொல்லுங்க. சின்னதுல இருந்து பொண்ணுக்கு விஷத்த ஊட்டி வளத்து எதிரிகிட்ட அனுப்புறது, முத்ராராட்சசம்ங்கிற சமஸ்கிருத நாடகத்துல வருது, நாடகம்தான். அதவிட எனக்கு புடிச்சது சமணர்கள் சொல்லிட்டு வந்த பிந்துசாரன் கதை. சாணக்கியர் சந்திரகுப்தனுக்கு சாப்பாட்டுல தெனமும் துளி விஷம் கலந்து பழக்குறாரு, ராசாவுக்கு தெரியாது. மாசமா இருந்த ராணி ஒருநாள் அதே தட்டுல சாப்பிட்டுருது. ராணி போச்சு, பிள்ளைய வயித்த கிழிச்சு எடுத்தாங்க, தலைல ஒரு சொட்டு விஷம் பட்டிருந்துச்சு, பிந்துன்னா சொட்டு, அதனால பிந்துசாரன். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா குஜராத்துல ஹேமசந்திரர் இத எழுதுனது 12ம் நூற்றாண்டு, சந்திரகுப்தன் செத்து கிட்டத்தட்ட 1400 வருஷம் கழிச்சு. உங்களுக்கு முன்னாடி இருக்குற பாறைச் சிலையே அந்தப் புத்தகத்துக்கு மூத்தது.

துளித்துளியா பழகுறதுன்னதும் இப்ப துருக்கி இருக்குற பக்கத்து பாண்டஸ் நாட்டு ராசா மித்ரடேட்டஸ் வந்தே ஆகணும். விஷபயத்துல தெனமும் கொஞ்சம் எடுத்து பழகுனவரு, கி.மு. 63ல மகனே எதிர்த்து நின்னு தோத்துப்போன நேரத்துல சாகணும்னு விஷம் குடிச்சா ஏறலயாம், கடைசில காவல்காரன்ட்ட சொல்லி வெட்டிக்கிட்டாராம். பயலுக கண்ணு விரியும், அப்பவே போட்டு ஒடைங்க. பாஷாணம் (ஆர்சனிக்), ஈயம் மாதிரி சாமான் ஒடம்புல பழகாது, சேந்துக்கிட்டே போகும், அரளியும் அப்பிடி பழகுறது கெடையாது.

பாஷாணம்னதும் ஒரு குட்டி விஷயம். திருவிழா நாடகத்துல "அரிதாரம் பூசுறது"ன்னு சொல்றோம்ல, அரிதாரம்னா தாளகம், ஆர்சனிக் கலந்த மஞ்சக்கல்லு. அந்தக் காலத்துல அத அரைச்சுத்தான் மொகத்துல பூசுனாங்க. எகிப்துல சுவர்ல மஞ்சள் தீட்டுனதுலயும் அதே கல்லு உண்டு. இத மொதமொத தெரிஞ்சுக்கிட்டப்ப ரெண்டு நாளு எனக்கு வேற நெனப்பே ஓடல.

எறங்குறதுக்கு முன்னாடி நாகமலைய கைகாட்டுங்க, நீளமா படுத்துருக்கும். திருவிளையாடல்ல நாகமெய்த படலம். சமணர்கள் யாகம் வளத்து ஒரு ராட்சசப் பாம்ப ஏவுனாங்க, பாண்டியன் அம்பு விட்டான், சாகுறப்ப அது கக்குன விஷத்துல மதுரையே சுருண்டுச்சு, சொக்கநாதர் சடைல இருந்து அமுதத்த தெளிச்சு ஊர காப்பாத்துனாரு. அந்தப் பாம்புதான் மலையா கெடக்குன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஒரு மலைல சமணர் சிலை, எதுத்தாப்புல சமணர் விட்ட பாம்பு. சண்டைல ஜெயிச்சவங்க எழுதுன கதைல விஷம் வச்சவன் எப்பவும் எதிராளிதான், அப்பருக்கு பாற்சோத்துல நஞ்சு வச்ச கதையும் அப்பிடித்தான். இத பெரிய பிள்ளைககிட்ட மட்டும் பேசுங்க, சின்னதுக பாம்போட நிப்பாட்டிக்கட்டும்.

வாய்ல வச்சிட்டா

வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, புளிக்கரைசல், சாணித்தண்ணி, மோரு எதுவும் குடுக்காதீங்க. வாய்ல மிச்சம் இருந்தா துப்ப வச்சு வாய கொப்பளிக்க விடுங்க. என்ன செடி, எத்தனை மணிக்குன்னு போன்ல குறிச்சிட்டு 108க்கு அடிங்க, இல்லாட்டி கெடச்ச வண்டில நேரா மதுரை பெரியாஸ்பத்திரிக்கு. செடில ஒரு கொப்ப கவர்ல போட்டு எடுத்துட்டு போனா டாக்டருக்கு பாதி வேலை மிச்சம். "ஒண்ணும் பண்ணலயே, நல்லாத்தானே இருக்கான்"னு காத்திருக்க வேணாம், குன்றிமணி, ஆமணக்கு, காந்தளெல்லாம் பல மணி நேரம் கழிச்சுத்தான் வேலைய காட்டும். எருக்கம்பால் கண்ணுல பட்டா நல்ல தண்ணிய ஊத்தி கழுவிக்கிட்டே இருந்துட்டு ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க.

கீழ வந்ததும் எல்லாருக்கும் முழங்கை வரைக்கும் சோப்பு. அதுக்கு முன்னாடி டவுசர் பைய வெளிய இழுத்து காட்ட சொல்லுங்க, கட்டாயம். போன தடவ அக்கா மகன் பைல ஏழு குன்றிமணி இருந்துச்சு. எதுக்குடான்னா, "பிள்ளையாருக்கு கண்ணு வைக்க மாமா"ங்கிறான். பிள்ளையாருக்கு எதுக்குடா ஏழு கண்ணுன்னு கேட்டதுக்கு முழிச்சான். எண்ணி வாங்கி பொதருக்குள்ள வீசிட்டு, மறுபடி கைய கழுவ விட்டுட்டு, அப்பறம்தான் இட்லிப் பொட்டலத்த பிரிச்சேன்.